கல்லறைத் திருநாளுக்குப் பச்சைக்கறி

கப்பலில் சமையல்காரராக இருந்த என் வீட்டுக்காரர், லீவில் வரும்போதெல்லாம் பச்சை மாட்டுக்கறியில் ஒன்று செய்வார். கூட வேலை பார்த்த கொரியாக்காரர் கற்றுக்கொடுத்ததாம். மாமியார் சமையலறை வாசலில் நின்று திட்டுவார். "நெருப்புல காட்டாத கறிய எந்த மன்சனாவது துன்னுவானா நைனா? வவுறு கெட்டுப் பூடும்!" அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு வாய் போட்டுக்கொள்வார்.

ஒரு பயணத்தில் கடலில் விழுந்துவிட்டார். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று ராயபுரத்தில் எங்கள் தெருவே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கிளம்பும். எங்களுக்குப் போக ஒரு கல்லறை இல்லை. அன்று சாயங்காலம் செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படத்தின் முன்னால் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதைத் திறந்தேதான் வைக்க வேண்டும். வெளியே போனவர் வர நேரமானால்தான் சோற்றை மூடி வைப்போம். மாமியார் தன் மகனுக்கு மட்டும் எதையும் படைக்க விட்டதில்லை. "கடலுக்குப் போனவன் வராமயா பூடுவான்?" என்பார். அந்தப் பேச்சு என்னை அரித்துக்கொண்டே இருந்தது. நான் விதவையா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அவரை வழியனுப்பினால்தான் நான் மூச்சுவிட முடியும்.

போன வருஷம், படைக்கட்டுமா என்று மாமியாரிடம் கேட்டேவிட்டேன். மறுபேச்சில்லாமல் "வையி" என்றார்.

திருநாளன்று காலையில் கறிக்கடை பாயிடம் கொழுப்பில்லாத தொடைக்கறி கேட்டேன். "வறுவலுக்காம்மா?" என்றார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொன்னால் கடை முன்னால் பஞ்சாயத்தே கூடியிருக்கும். ஃப்ரீசரில் வைத்து, கறி விறைத்ததும் தீக்குச்சி மாதிரி அரிந்தேன். பின்கழுத்தில் மூச்சு பட்டது. "கத்திய சாச்சிப் புடி" என்று அவர் எப்போதும் சொல்வது காதில் விழுந்தது. சாய்த்துப் பிடித்தேன். அப்புறம் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. பயமாக இல்லை, ஏன் திரும்பினோம் என்றுதான் இருந்தது.

நல்லெண்ணெய், பூண்டு, சோயா சாஸ், துளி சர்க்கரை, வறுத்த எள். பிசறி, நடுவில் முட்டையின் மஞ்சள் கருவை விட்டேன். படத்தின் முன்னால் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் தட்டைக் காணோம். வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

அப்புறம்தான் மிளகு வாசனை வந்தது. மாமியார் அடுப்பில் கறியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா அத்தே பண்ணிக்கினு கீறீங்க?" என்று கத்திவிட்டேன்.

"பச்சையா துன்னா புள்ளைக்கு வவுறு வலிக்கும்மா," என்றார், திரும்பாமல்.

வறுத்ததை அதே தட்டில் கொண்டுவந்தார். எப்படியோ வைக்கிறாரே, போதும் என்று ஒதுங்கி நின்றேன். படத்தின் பக்கம் அவர் போகவே இல்லை. சாப்பாட்டு மேஜையில், மகன் உட்காரும் இடத்தில் வைத்தார். இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினார். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

கோபம் தலைக்கேறியது. திறந்து படத்தின் முன்னால் வைத்துவிட வேண்டியதுதான் என்று மூடியிருந்த தட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது. திறந்தால், வீட்டுக்காரர் வருவதற்குள் ஆறிப்போகுமே என்று கையை எடுத்துவிட்டேன்.