தசை சரியில்லை

கோவிட் கட்டுப்பாடுகள் முடிந்து, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மறுபடியும் தீபாவளிக் கூட்டம் நெரிந்த வருடம் அது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு துணிக்கடை மாடியில் நான் ரவிக்கை தைக்கிறேன். பழைய கடைவீடு, மின்தூக்கி கிடையாது. அந்தச் சமயத்தில்தான் என்னால் மாடிப்படி ஏற முடியாமல் போனது. கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு ஏறுவேன். பிறகு தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால் வீட்டில் யாரும் நம்பவும் இல்லை.

என் கணவர் ஊரில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டார். நாத்தனார் என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போனார். ஜோசியர் சொன்னதைக் கணவர் என்னிடம் ஒப்பித்தார்.

"உனக்குச் சனி தசை ஆரம்பிச்சிருக்காம். பத்தொன்பது வருஷமாம். வேலையை விட்டுட்டுப் பேசாம வீட்ல இரு."

பாசிர் ரிஸ் பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில் பத்தொன்பது வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? அந்தத் தையல் மாடியில்தான் என்னைத் தேடி நாலு பேர் வருவார்கள். "கழுத்து வெட்டறதுக்கு அக்காதான் வேணும்" என்று காத்திருப்பார்கள். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. என் சுபாவம் அப்படி. பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தில் யாராவது வழியை மறித்து நின்றால்கூட, நகரச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்குவேன்.

சொல்லாமல் கொள்ளாமல் பாலிகிளினிக் எனும் அரசுப் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அதற்குள் கணவருக்கும் தெரிந்துவிட்டது, அவரும் கூட வந்தார். மருத்துவர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். எங்கள் இருவருக்கும் சரியாகப் புரியவில்லை என்று தெரிந்ததும், தன்னோடு ஆராய்ச்சி செய்யும் ஒரு தமிழ்ப் பெண்ணை அனுப்பி விளக்கச் சொன்னார்.

முப்பது வயதிருக்கும். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வெளியே காத்திருக்கும் இடத்தில் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அன்பாகத்தான் ஆரம்பித்தார்.

"ஆன்ட்டி, பயப்படாதீங்க. உங்க தசைலதான் பிரச்சனை."

கணவர் உடனே என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? இங்கயும் அதையேதான் சொல்றாங்க."

எனக்குள் ஏதோ அறுந்தது. "ஏம்மா, நீயுமா?" என்று கத்தினேன். "இவ்வளவு படிச்சிட்டு ஆஸ்பத்திரில உக்காந்து ஜோசியம் சொல்றியே! தசை கிடக்கட்டும், எனக்கு என்ன வியாதி, அதைச் சொல்லு!"

காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் மலங்க மலங்க விழித்தார்.

"ஜோசியமா? ஐயோ ஆன்ட்டி, நான் மசில் சொல்றேன் லா! ஸ்கூல்ல தசைன்னுதானே சொல்லிக் குடுத்தாங்க?"

"அதுக்குச் சதைன்னு சொல்லணும்மா!"

தசை என்றால் சதை என்று நானும் பள்ளியில் படித்தவள்தான். மாதக்கணக்கில் சனியோடு சேர்த்தே கேட்ட காதுக்கு அது எப்படி ஞாபகம் வரும்? முதலில் அவர் சிரித்தார். பிறகு நான் சிரித்தேன். கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

தொடைச் சதையில் ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். சம்மதித்தால் அதில் கொஞ்சம் தன் ஆராய்ச்சிக்கும் கேட்டார். "அதனால உங்களுக்கு உடனே நல்லது நடக்கும்னு பொய் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி" என்றார். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் அவருக்கே தொடைச் சதை கிழிந்ததாம். மறுபடி ஓடவே முடியாது என்றார்களாம். ஏன் என்று கேட்டதற்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லையாம். "எல்லாரும் மூளை, இதயம்னு போறாங்க. நான் அந்தப் பதிலைத் தேடிட்டு இங்க வந்துட்டேன். இப்ப ஓடறேன், தெரியுமா?"

கணவர் எழுந்தார். "சதையை வெட்டினா உள்ள நடையும் போயிடும். ஊர்ல கேட்டுட்டுச் சொல்றோம்."

"யாரைக் கேக்கணும்? இது என் காலு" என்றேன். இந்த முறை கத்தவில்லை. கத்த வேண்டிய அவசியமும் இல்லை. அவர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

சதையில் அழற்சி என்று சோதனையில் தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டேன், முகம் உப்பியது. சொல்லிக் கொடுத்த பயிற்சியை அழுதுகொண்டே செய்தேன். முழுதாகக் குணமாகவில்லை. இடது கை இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஆனால் அடுத்த தீபாவளிக்கு மாடியில் என் மெஷின் முன்னால் நான்தான் உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனையில் அந்தப் பெண் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேண்டுமென்றே, "ஆன்ட்டி, தசை எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

அன்று அத்தனை பேர் முன்னால் கத்தியதற்கு நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. என் உடம்பைப் பற்றி நானே பேசலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நாத்தனார் கணக்குப்படி சனி தசை இன்னும் நடக்கிறதாம். நடக்கட்டும். நானும்தான் நடக்கிறேன்.