கத்திக்குப் போகும் ஓரம்

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைந்து பிழைக்கிறவள் நான். இருபது வருடமாகப் புஸ்வாணம், சங்குசக்கரம், சிரிக்கிற குழந்தை என்று வரைந்து தள்ளியாயிற்று. எதிலும் கம்பெனி பெயர்தான் இருக்கும். ஆனால் லேபிள் வரைகிற எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அச்சுத் தாளின் வெள்ளை ஓரத்தில், கலர் சரிபார்க்கிற கட்டங்களுக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் பெயரை எழுதிவிடுவோம். கட்டிங் மெஷின் அந்த ஓரத்தை வெட்டிக் குப்பையில் தள்ளிவிடும். வெட்டுப்படுகிற வரைக்குமாவது பெயர் இருக்கட்டுமே என்று ஒரு வீம்பு.

சென்னையிலிருந்து ஓவியர் ஒருத்தர் வந்தார். பெரிய கேலரிகளில் படம் வைக்கிறவர். கலைச் சந்தை உழைப்பவனை எப்படித் தின்கிறது என்று கேள்வி கேட்கிற கண்காட்சியாம். அதற்கு ஆறு லேபிள்களைப் பெரிதாக நான் வரைய வேண்டும், சிவகாசியிலேயே அச்சடிக்க வேண்டும், ஓரத்தை மட்டும் வெட்டக் கூடாது. வெட்டாத தாளில்தான் தொழிற்சாலை வாசம் இருக்கும் என்றார். நாம் படுகிற பாட்டைப் பேச ஒருத்தர் வந்துவிட்டார் என்று எனக்கு அம்புட்டு சந்தோஷம். ஒரு மாதம் கழுத்து வலிக்க வரைந்தேன்.

முடித்த அன்று கேட்டேன். "சார், என் பேரு எங்கன வரும்?"

சிரித்தார். "அக்கா, பேரில்லாம இருக்கறதுதான் இந்தப் படைப்போட அரசியலே. உங்க பேரைப் போட்டா அந்த வலி போயிடும்."

"அப்ப உங்க பேரு?"

"நான் கையெழுத்துப் போட்டாத்தானே கேலரி எடுக்கும்?"

அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் திட்டினேன். வாயால் "சரிங்க சார்" என்றேன். வீட்டுக்கு வந்து ஆறு படங்களின் அடி ஓரத்திலும், இடது கோடியில், வரைந்தது இன்னார், ஊர் நாரணாபுரம் என்று எழுதினேன். வழக்கமான பொடி எழுத்தில் இல்லை, நன்றாகவே தெரிகிற மாதிரி.

தாள்கள் அச்சாகி வந்ததும் அவர் கையெழுத்துப் போட வந்தார். கட்டிங் மெஷின் ஓட்டுகிற அண்ணாச்சியும் நானும் தாள்களை விசிறி மாதிரி அடுக்கி வைத்திருந்தோம். மேல் தாளில் என் பெயர் தெரியாதபடி ஒரு வெற்றுத்தாள். எல்லாத் தாளிலும் அடி ஓரத்தின் வலது கோடி மட்டும்தான் வெளியே தெரியும். பென்சிலை நானே சீவிக் கொடுத்தேன்.

"இங்கன போடுங்க சார், சுளுவா இருக்கும்."

போனில் பேசிக்கொண்டே அத்தனையிலும் போட்டார். ஓரத்தில் இருப்பதெல்லாம் கத்திக்குப் போவது என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

"ஏ தாயி, என்ன சோலி பாக்குறே?" என்று காதோடு கேட்டார் அண்ணாச்சி.

"சும்மா இருங்கண்ணாச்சி."

மூன்றாவது வாரம் கார் வந்து நின்றது. தாள்களோடு இறங்கினார், முகம் கறுத்துக் கிடந்தது. சுவரில் மாட்டும்போது கேலரிக்காரர் என் பெயரை வாசித்து, இது யார் என்று கேட்டிருக்கிறார்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுனீங்க?"

"எங்க ஊர் வழக்கம் சார்."

"அந்த வரியை வெட்டி எடுத்துடுங்க."

அண்ணாச்சி ஒரு தாளை மெஷினில் வைத்தார். கத்தியை இறக்கவில்லை. "கத்தி நேராத்தான் போகும் சார். இவுக பேரை வெட்டுனா உங்க கையெழுத்தும் சேந்து போயிரும். நீங்களும் அதே ஓரத்துலல்லா போட்டுருக்கீக."

"கத்தரியால அந்த மூலையை மட்டும்?"

"எலி கடிச்ச மாதிரி இருக்கும்."

புதிதாக அடித்துக் கையெழுத்துப் போடவும் வழியில்லை. வாங்கப்போகிறவர்களுக்குக் கேலரியிலிருந்து இந்தத் தாள்களின் கையெழுத்தைத்தான் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர் என் பெயரைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார். எனக்கு உள்ளங்கால் வரை இனித்தது. இரக்கம் ஒரு பொட்டுக்கூட வரவில்லை, அதை மறைக்கவும் இல்லை.

"வெட்டவா சார்? அடுத்த லோடு நிக்குது" என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம்."

அதை அவர் வாயாலேயே சொன்னார். தாள்களை நானே சுருட்டி, கசங்காமல் கார் சீட்டில் வைத்தேன்.

"பாத்துக் கொண்டுபோங்க சார்" என்றேன். "ஓரம் கிழிஞ்சிராம."