குண்டூசி அத்தையின் திரைக்கம்பி

என் அத்தை வாயில் நாலு குண்டூசி இல்லாமல் பேசி நான் பார்த்ததில்லை. தையல்காரி. ஊசிகளை உதட்டோரம் கடித்துக்கொண்டே அளவு சொல்வாள், வம்பு பேசுவாள், மாமாவைத் திட்டுவாள். 'குண்டூசி' என்று கேட்டால்தான் தெருவில் கடைக்கு வழி காட்டுவார்கள். அந்த ஊசிகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள் என்றால், நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு நழுவிவிடுவோம்.

அன்றைக்கு வைத்தாள்.

கடை மூலையில், துணி மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு திரை. அதன் கம்பியை மாட்டியவர் மாமா. இரவல் டிரில், கைக்குக் கிடைத்த பிட், கூடவே கொஞ்சம் கை ஆட்டம். ஒரு பக்கத் துளை பெரிதாகி, ஸ்க்ரூவைக் கவ்வ வேண்டிய பிளாஸ்டிக் பிளக் உள்ளே தொளதொளத்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கம்பியும் திரையும் அவர் தலைமேல் இறங்கின.

"இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று போய்விட்டார். அவர் சொன்னால் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் அத்தனை பேரும் வருவார்கள். வேண்டாம் என்று சொன்னால் ஒருத்தியும் வரமாட்டாள்.

"சுவத்துல ஓட்டை போடச் சொன்னா ஜன்னலே வச்சிட்டீங்களே!" என்றாள் அத்தை.

"காத்து வரட்டும்னுதான்" என்றார் மாமா.

வேறு இடத்தில் துளை போட கட்டடத்துச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. பழைய துளையில் மாமா திணித்த தீக்குச்சிகள் நசுங்கிப் போயின. அத்தை என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லுடி. காலேஜ் போனவதானே?"

எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. பொருளாதாரம். அதை வாங்கியதிலிருந்து மின்விசிறி முனகினாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வருவதில்லை? கர்வமா, பயமா?

"ஒயிட் சிமெண்ட்ட குழைச்சு அடைக்கலாம் அத்தை."

அடைத்தோம். சிமெண்ட் வழிந்தது, பிளக்கும் கூடவே வழுக்கிக்கொண்டு வந்தது.

"படிப்பு வழியுது பாரு" என்றார் மாமா.

அத்தை சிரிக்கவில்லை. "வெறும் துணியா வச்சா காலர் நிக்குமா? உள்ள கேன்வாஸ் குடுக்கறோம்ல?" என்றபடி கத்தரியை எடுத்தாள். காலர் கேன்வாஸில் மெல்லிய பட்டை ஒன்றை வெட்டினாள். நான் தையல் மெஷினைத் துடைக்கும் பிரஷ்ஷால் துளையின் தூசியைச் சுரண்டி எடுத்து, ஈரம் தொட்டுவைத்தேன். என் சிமெண்டில் அவள் பட்டையை முக்கி, பிளக்கைச் சுற்றி, துளைக்குள் இறுக்கித் தள்ளினோம். யோசனை யாருடையது என்று இன்னும் சண்டை ஓயவில்லை.

"காயற வரைக்கும் நீங்க அந்தச் சுவத்துப் பக்கம் மூச்சுக்கூட விடாதீங்க" என்று மாமாவுக்கு உத்தரவு.

மறுநாள் ஸ்க்ரூ கடைசிச் சுற்றுக்கு இரண்டு கையையும் கேட்டது. மாமா இழுத்துப் பார்த்தார். கம்பி கடுகளவும் அசையவில்லை.

டீச்சரம்மாவை அழைத்துவரப் போனது நான்தான். "கம்பி மறுபடி விழுந்தா என் டிகிரியத் திருப்பிக் குடுத்திடறேன் டீச்சர்" என்றேன். சட்டை எங்களிடம் இருந்ததாலோ என்னவோ, வந்தார்.

வந்தவர் திரையைப் பிடித்து, பள்ளிக்கூட மணியடிப்பதுபோல இழுத்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு உள்ளே போனார். அத்தை வெறும் வாயோடு நின்றாள்.

திரை விலகியது.

"என்னம்மா, கை அரை இன்ச் நீளமா இருக்கே?"

குறை கேட்டு ஒரு முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "கைய நீட்டுங்க டீச்சர், நீட்டுங்க" என்று அத்தை நாலு குண்டூசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அதற்குமேல் அவள் சொன்னது யாருக்கும் புரியவில்லை.