புதுத் தண்ணீரில் தவித்த ஃபைட்டர் மீன்

எங்கள் ஊரான ஊரிகத்தில், வரிசையாக இருக்கும் லைன் வீடுகளுக்கு ஐந்து நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. பழைய தண்ணீரைக் கொட்டி டிரம்மைக் கழுவிய உற்சாகத்தில், எங்கள் ஃபைட்டர் மீன் நீலனின் தொட்டியிலும் முழுக்கப் புதுத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். பத்தே நிமிடத்தில் அவன் சாய்ந்து விழுந்து வாயைத் திறந்து திறந்து தவித்தான்! என் அலறல் கேட்டு எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா ஓடிவந்தார்.

"இன்னா ஆச்சு?" என்று தொட்டியை முகர்ந்தார். "ஐயோ, குளோரின் வாசனை தூக்குது! எங்க டிரம்முல பழைய தண்ணி கீது, மீனை எடுத்துக்கினு வா!"

நீலனைக் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு போய் அந்தத் தண்ணீரில் விட்டேன். அரை மணி நேரம் அசைவே இல்லை. திடீரென்று துடுப்பை விரித்து ஒரு சுற்று சுற்றினான் பாருங்கள், இருவரும் கைதட்டிவிட்டோம்!

இப்போதெல்லாம் குளோரின் போகட்டும் என்று குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே, தொட்டியில் கால்பங்கு மட்டும் மாற்றுகிறேன். தண்ணீர் வந்தால் முதல் வாளி நீலனுக்கு, பிறகுதான் எங்களுக்கு.