வெட்ட முடியாத படம்

விளையாட்டுப் படம் எடுக்கிற அந்தப் பெண்ணுக்கு மைதானத்தில் ‘கேமராக்காரி’ என்றுதான் பெயர். மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் கேமராவைத் தொட்டால் கை நடுங்காது. ஒரே கட்டடத்தில், ஒரே முதலாளிக்கு இரண்டு பத்திரிகைகள்: காலையில் பெரிய தாள், மதியம் சின்னத் தாள். அவள் படம் இரண்டுக்கும் போகும்.

கால்பந்து லீக் ஆட்டம் ஒன்றில் பெண்கள் அணியின் கோல்கீப்பர் ஒரு கோலை விட்டாள். பந்து சொந்த அணிக்காரியின் முழங்காலில் பட்டுத் திசை மாறியது கேமராக்காரியின் படத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பெரிய தாள் படத்தை முழுசாகப் போட்டு, முழங்கால் சங்கதியை யாரும் எட்டிப் பார்க்காத கடைசிப் பத்தியில் எழுதியது. சின்னத் தாளோ முழங்காலை வெட்டியெறிந்துவிட்டு, திகைத்து நின்ற முகத்தை மட்டும் பக்கம் முழுக்கப் போட்டது. மேலே, ‘கோலில் குறட்டை!’

கொட்டை எழுத்து என்பதால் கோல்கீப்பரின் அம்மா சின்னத் தாள் மட்டும்தான் படிப்பார்.

“எங்கம்மாவே ‘ஏண்டி தூங்கினே’ன்னு கேக்குறாங்க அக்கா. முழங்கால்னு சொன்னா, சாக்கு சொல்லாதேங்கிறாங்க” என்று அழுதாள் கோல்கீப்பர்.

கேமராக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே சின்னத் தாள் ஆசிரியரின் மேசைக்குப் போனாள்.

“முழங்கால் எங்கண்ணே?”

“சின்னப் பக்கம்மா. முகத்தைப் போட்டா காலுக்கு இடமில்ல.”

“அப்ப திருத்தம் போடுங்க.”

“திருத்தத்தை எவன் படிப்பான்? நல்ல முகமா கொண்டா, அதையும் பெரிசாப் போடறேன்.”

முகம்தானே வேண்டும்? வெட்ட இடமே இல்லாத முகமாகத் தருகிறேன் என்று கறுவிக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஆட்டத்தில் மற்ற படக்காரர்கள் எல்லாம் எதிரணி வலையை மொய்த்தார்கள். கோல் அங்கேதான் விழும் என்று கணக்கு. இவள் மட்டும் கோல்கீப்பரின் வலையோரம் குப்புறப் படுத்துக்கொண்டாள். மழை பிடித்துக்கொண்டது. “அங்க என்னத்தப் பிடிக்கப் போறே?” என்று கிண்டல் செய்தார்கள். காதில் வாங்கவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக்காரி கிட்டத்திலிருந்து விளாசினாள். கோல்கீப்பர் பாய்ந்தாள். பந்து அவள் முகத்திலேயே அறைந்து வெளியே தெறித்தது. அறைந்த அந்த நொடியை கேமரா விடவில்லை.

பெரிய தாள் ‘ஆட்டம் சமன்’ என்று புள்ளிப் பட்டியலோடு முடித்துக்கொண்டது. சின்னத் தாள் ஆசிரியர் படத்தை அப்படியும் இப்படியும் வெட்டிப் பார்த்தார். மூக்கும் பந்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு, பக்கம் முழுக்கப் போட்டார்: ‘மூக்கு போனாலும் கோல் போகாது!’

அன்று மாலை கோல்கீப்பர் போன் செய்தாள்.

“அம்மா பேப்பர் பாத்தாங்க அக்கா.”

“என்ன கேட்டாங்க?”

“வலிக்குதாடின்னு கேட்டாங்க.”