தவிலுக்கு ஒரு வீடு, மைக்குக்கு ஒரு வீடு

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் காபி டம்ளரைக் கையில் எடுத்தபோது போன் வந்தது. பேசியவர் நான் வாடகைக்கு ஆள் வைத்துக் கொடுத்த ஒரு மாட்டுங்கா கட்டடத்தின் செக்ரெட்டரி. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கச்சேரி என்றால் முன்வரிசையில் உட்காருபவர்.

"சங்கீதக்காரா வரான்னு சொன்னேள். இங்க இடின்னா வந்திருக்கு? உடனே வாங்கோ."

காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். மாட்டுங்கா, செம்பூர், தாராவி பக்கம் வீடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இசைக் கலைஞருக்கு வீடு பார்ப்பது போல எரிச்சல் தரும் வேலை வேறில்லை.

இடியின் பெயர் இசக்கிமுத்து. தவில் வாசிப்பவர், தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை. மனைவி கல்யாணி மாட்டுங்காவில் பிறந்தவர், பாடகி. அவர்களுடையது காதல் கல்யாணம். இசக்கிமுத்துவுக்கு நான் அண்ணாச்சி, கல்யாணிக்கு மாமா. திருநெல்வேலிப் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வெளியிட, கல்யாணி பாட்டுகளைப் பதிவு செய்து தர ஒப்புக்கொண்டிருந்தார். கொடைக்கு முன்னால் தராவிட்டால் வாய்ப்பு வேறு பாடகிக்குப் போய்விடும். ஸ்டுடியோ கட்டுப்படியாகாது, வீட்டிலேயே மைக் வைத்துப் பாடவேண்டும். அதே வீட்டில் இசக்கிமுத்து தவில் சாதகம் செய்யவேண்டும். இதற்கு மேல் இசக்கிமுத்து ஒரு நிபந்தனையும் போட்டார்.

"தாராவி மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. அவ அப்பாட்ட வாக்குக் குடுத்துருக்கேன், ஒங்க மகளத் தாராவியில வைக்க மாட்டேன்னு."

1. ரசிகர்கள் கட்டடம்

மாடிக்கு ஒரு வீணை உள்ள கட்டடம் அது. சொசைட்டியின் சம்மதக் கடிதமான என்ஓசியும் லீவ் அண்ட் லைசென்ஸ் என்கிற வாடகை அக்ரிமென்ட்டும் ஒரே வாரத்தில் முடிந்தன. தவில் என்று விண்ணப்பத்தில் தெளிவாகவே எழுதியிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது கமிட்டி முழுவதும் படிக்கட்டில் நின்றது. சாதகம் இல்லாமல் கச்சேரி எங்கிருந்து வரும் என்று கேட்டேன்.

"கச்சேரின்னா டிக்கெட் வாங்கிண்டு போய்க் கேப்போம் ஸார். ஒரே தாளச் சொல்லைக் காலம்பறலேர்ந்து தட்டிண்டிருந்தா?"

"சாதகம்னா அப்படித்தானே?"

"எங்களுக்கும் தெரியும். தெரிஞ்சதுனாலதான் வேண்டாங்கறோம்."

காலி செய்து கொடுத்தோம்.

2. செம்பூரில் வந்த பாராட்டு

அடுத்ததாகச் செம்பூரில் மராட்டிக் குடும்பங்கள் இருக்கும் கட்டடம் ஒன்றைப் பிடித்தேன். புகாரே வரவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

கல்யாணி போன் செய்தார். பாட்டு ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் வாசலில் கைதட்டல் விழுகிறதாம். எதிர்வீட்டு அம்மாள் தட்டில் போஹா என்கிற அவல் உப்புமாவுடன் வந்து, நடுப்பாட்டில் பெல் அடித்து, அபங் என்கிற மராட்டி பக்திப் பாட்டு ஒன்று பாடச் சொல்கிறாராம். சொசைட்டி சேர்மன் தன் வீட்டுச் சத்தியநாராயண பூஜைக்கும் அண்ணன் மகள் கல்யாணத்து மஞ்சள் சடங்கான ஹல்திக்கும் தவிலை முன்பதிவே செய்துவிட்டார். பதிவான பாட்டு எல்லாவற்றிலும் 'வாஹ் வாஹ்' என்ற பாராட்டுக் குரல் இருந்தது.

"திட்டினா கதவைச் சாத்திக்கலாம் மாமா. பாராட்டறவாளை என்ன பண்றது?"

இசக்கிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன். நல்ல சனங்க அண்ணாச்சி, அவல் ரொம்ப ருசி என்றார். கொடை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டுகூடத் தேறவில்லை.

3. வெள்ளிக்கிழமை

அன்று கோபத்தில் உட்கார்ந்து யோசித்தேன். சாதகத்துக்குச் சுற்றிலும் சத்தம் வேண்டும், அப்போதுதான் தவில் யாருக்கும் கேட்காது. பதிவுக்குச் சுற்றிலும் அமைதி வேண்டும். இந்த இரண்டையும் ஒரே வீட்டில் கேட்டவர்களும் சரி, இருக்கிறது என்று தேடிய நானும் சரி, வீண் அலைச்சல்தான் அலைந்திருக்கிறோம். ஆனால் சத்தமும் அமைதியும் வேறு வேறு நாளில் இருந்தால்?

தாராவியில் ஒரு தையல் பட்டறைக்கு மேலே கெட்டிச் சுவர் வைத்த அறைகள் காலியாக இருந்தன. வாரம் முழுக்க மெஷின் ஓடும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று சந்தே காலி.

சொன்னதும் இசக்கிமுத்து எழுந்துவிட்டார். ஒரு வீடு என்றால் ஒழுங்காகத் தேடத் தெரியாதா என்று என்னைக் கேட்டார். கல்யாணி, முதலில் பார்க்கலாம் என்றார்.

வேலை நாளில் ஒருமுறை போனோம். மேலே அவரைத் தவில் வாசிக்க வைத்துவிட்டு, நான் கீழே மாஸ்டர் டெய்லர் பக்கத்தில் நின்றேன். அவர் தலையே தூக்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி போனோம். கல்யாணி காலி அறையில் கை தட்டிப் பார்த்தார். எதிரொலி வந்த மூலையில் மெத்தை போட்டால் போதும் என்றார். ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு பல்லவி பாடினார். பாட்டு முடிந்த பிறகும் அறையில் வேறு சத்தம் எதுவும் இல்லை.

இசக்கிமுத்து வாசல் ஏணியிலேயே நின்றிருந்தார். "ஒங்க அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"வாக்குக் குடுத்தது நீங்க, வாங்கினது அப்பா. நடுவுல என்னை யாராவது கேட்டேளா? இங்க வைக்கறதுக்கும் அங்க வைக்கறதுக்கும் நான் என்ன பீரோவா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மீட்டர் பெட்டியைப் பார்த்தேன்.

"அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். மாமா, அக்ரிமென்ட்டை என் பேர்ல போடுங்கோ."

அப்படியே போட்டேன். பாட்டுகள் கொடைக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்தன. கல்யாணியின் அப்பா பதிவைக் கேட்டுவிட்டு, ரொம்ப சுத்தமாக இருக்கிறதே, எந்த ஸ்டுடியோ என்று கேட்டாராம். கல்யாணி விலாசத்தைச் சொல்லியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா பையில் பூவன் பழத்தோடு நேரில் வந்தார். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்ததும் எனக்குத்தான் போன் போட்டார். லிஃப்ட் இல்லாத வீட்டையா ஸார் பார்த்துக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்.

தாராவியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த ஒரு ஆளுக்குப் பயந்துதான் நாங்கள் மாட்டுங்காவையும் செம்பூரையும் சுற்றியிருக்கிறோம்.

இசைக் கலைஞர் வீடு கேட்டு வந்தால் எத்தனை அறை என்று கேட்காதீர்கள். எப்போது சத்தம் போடவேண்டும், எப்போது அமைதி வேண்டும் என்று கேளுங்கள். பிறகு, எந்த இடம் வேண்டவே வேண்டாம் என்கிறார், யாருக்காக வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். அந்த இடத்தை முதலில் போய்ப் பாருங்கள்.