இடுப்பில் ஒரு பம்ப்

பாலகுமாருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பெங்களூரில் அவர் ஏறி இறங்காத கட்டிடம் குறைவு. பாதி வழியில் நின்றுபோன பெட்டிக்குள் யாராவது அழுதால், மேலிருந்து பேச்சுக் கொடுத்தபடியே வெளியே எடுத்துவிடுவார். ஐம்பது வயதில் அவருடைய இடது கை, நடக்கும்போது வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. அடுத்து விரல்கள் நடுங்கின. பார்க்கின்சன் என்றார்கள்.

ஆரம்பத்தில் மாத்திரைக்கு நன்றாகவே கேட்டது. வருடங்கள் போகப் போக அதன் வீரியம் நிலைக்கவில்லை. போட்ட கொஞ்ச நேரம் நடமாடுவார். சில சமயம் உடம்பு தானாக நெளியும். அப்புறம் நின்ற இடத்திலேயே உறைந்துவிடுவார். அப்போது மனைவி வீணா தன் பாதத்தை அவர் பாதத்துக்குக் குறுக்கே வைப்பாள். அதைத் தாண்டுவதற்குக் கால் எழும்பும், நடை வந்துவிடும். அது என்ன மாயம் என்று அவளுக்கு விளங்கியதே இல்லை.

உடம்புக்குள் விடாமல் மருந்து செலுத்தும் பம்ப் பற்றி நரம்பு டாக்டர் ரக்ஷிதா சொன்னபோது பாலகுமார் ஒத்துக்கொள்ளவில்லை.

"மெஷின்னா ஒரு நாள் நிக்கும் டாக்டர். நின்னுபோன மெஷின பாத்துப் பாத்தே எனக்கு வயசாச்சு."

அவர் மனத்தை மாற்றியது அல்சூர் மெட்ரோ. ரயில் வந்தது, கதவு திறந்தது, வீணா உள்ளே ஏறித் திரும்பினாள். அவர் பிளாட்பாரத்திலேயே நின்றார். கதவு மூடிக்கொண்டது. அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர் ரயில் பிடித்து அவள் ஓடி வந்தபோது, வைத்த சிலைபோல அதே இடத்தில் நின்றிருந்தார். கூட்டம் அவரை விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது.  வீடு வந்ததும் அவர் மெல்லிய குரலில், "டாக்டருக்கு போன் போடு" என்றார்.

மருந்தின் பெயர் அபோமார்ஃபின். கேட்டதும் வீணாவுக்குத் திக்கென்றது.

"போதை மருந்தா டாக்டர்?"

"இல்லம்மா, பேர்லதான் மார்ஃபின். மூளையில எது கம்மியா இருக்கோ அதோட வேலைய இது செய்யும். மொதல்ல ஒரு ஊசி போட்டுப் பாக்கலாம், சரியா?"

அந்த மருந்தால் குமட்டல் வராமலிருக்க முன்கூட்டியே மாத்திரை கொடுத்திருந்தார்கள். சோதனை நாளன்று காலை வழக்கமான மாத்திரை போடக்கூடாது. அதனால் சக்கர நாற்காலியில்தான் வீணா அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். முகத்தில் சலனமில்லை, வாயோரம் எச்சில். நர்ஸ் வயிற்றில் தோலுக்கடியில் சின்னதாக ஓர் ஊசி போட்டு, ரத்த அழுத்தம் பார்த்தபடி பக்கத்திலேயே இருந்தாள்.

சற்று நேரத்தில் பாலகுமார் கொட்டாவி விட்டார். இன்னொன்று. வீணாவுக்கு மனசு விட்டுப்போனது. "தூக்கம்தான் வருது போல" என்றாள்.

ரக்ஷிதா சிரித்தாள். "ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க. கொட்டாவி வந்தா மருந்து ஏறுதுன்னு அர்த்தம்."

மடங்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியை ஊன்றினார், எழுந்துவிட்டார். வீணா பழக்கத்தில் பாதத்தை நீட்டினாள். அவர் அதைக் கவனிக்கவேயில்லை. ஆஸ்பத்திரி நடைகூடத்தின் கோடிவரை போனார், தடுமாறாமல் திரும்பினார், இரண்டு கையும் வீசி வந்தார். வீணா சுவரில் சாய்ந்துகொண்டாள். கோயிலில் தீபாராதனையின்போது வருமே, அந்தச் சிலிர்ப்பு அவள் முதுகில் ஓடியது. இந்த நடையைத்தான் கல்யாணமான புதிதில் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அது எங்கும் போய்விடவில்லை, உள்ளேயே இருந்திருக்கிறது.

பம்ப் கைக்கு அடக்கமான பெட்டி. பெல்ட்டில் பை போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். மெல்லிய குழாய் ஒன்று வயிற்று ஊசிக்குப் போகும். பகல் முழுக்க மருந்து துளித் துளியாக இறங்கும். காலையில் பொருத்துவதும் படுக்கப் போகும்போது கழற்றுவதும் வீணாவின் வேலை. முதல் வாரம் அவளுக்குத்தான் கை நடுங்கியது. ஊசி போட்ட இடத்தில் கட்டி கட்டியாகத் தடித்தது. தினம் இடம் மாற்றி, லேசாகத் தேய்த்துவிடக் கற்றுக்கொண்டாள். நோய் போகவில்லை. காலையில் கண் விழிக்கும்போது அவர் மரக்கட்டைதான். நோய் இருக்கும், ஆனால் பகல் உங்களுடையது என்று ரக்ஷிதா சொல்லியிருந்தாள்.

பாலகுமார் பெட்டியைக் காதருகே வைத்து, உள்ளே மோட்டார் விட்டு விட்டு ஓடுவதைக் கேட்பார். "எவ்ளோ பொறுமை பாரு இதுக்கு" என்பார்.

சில மாதங்களில் மகள் ஸ்னேஹா பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. ஒரு நாள் குளிக்கப் போகும் அவசரத்தில், "அப்பா, கொஞ்சம் புடிங்க" என்று குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாள். சமையலறை வாசலிலிருந்து வீணா அதைப் பார்த்துவிட்டாள். அவரிடம் நிறை டம்ளரைக்கூடக் கொடுத்து வருடக் கணக்காகிறது. ஓடிப்போய் வாங்கிவிட நினைத்தாள், கால் வரவில்லை.

பாலகுமார் ஒரு கையால் குழந்தையின் தலையைத் தாங்கியிருந்தார். அது கையை ஆட்டிச் சட்டைக்கு வெளியே தெரிந்த குழாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவர் பதறவில்லை. மறு கையைக் கொண்டுவந்து, அந்தப் பிஞ்சு விரல்களைச் சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தார்.

"தாத்தாவோட கரண்ட புடுங்காத கண்ணு" என்றார்.

வீணா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.